வாசகர் கேள்வி பதில்: லீவர் ஆக்ஷன் ரைஃபிளுக்கு எந்த ஈயக் குண்டு?

கேள்வி: சார், என்கிட்ட லீவரை இழுத்து தோட்டா ஏத்துற மார்லின் 336 ரைஃபிள் இருக்கு, .30-30 தோட்டா. செம்பு உறை வெச்ச ஜாக்கெட் குண்டு போட்டா அழகா ஒரே இடத்துல குத்துது. வார்ப்பு ஈயக் குண்டு ஒரு பெட்டி வாங்கி லோடு பண்ணிப் பாத்தேன், 50 கஜத்துலயே தாள் முழுக்க சிதறுது, பேரலுக்குள்ள ஈயம் வேற அப்பிக்கிச்சு. பெட்டியில அளவு .309 இன்ச், கடினம் 18னு போட்டிருக்கு. இன்னும் கடினமான ஈயமா வாங்குன்னு ஒருத்தர் சொல்றார், மைக்ரோ குரூவ் பேரலுக்கு ஈயமே ஆகாதுன்னு இன்னொருத்தர் சொல்றார். யாரை நம்புறது?

பதில்: ரெண்டு பேரையும் விடுங்க. உங்க பிரச்சனை கடினத்துல இல்ல, அளவுலதான் இருக்கும்னு தோணுது. ஈயக் குண்டு விஷயத்துல எல்லாரும் முதல்ல கடினத்தைத்தான் கேக்குறாங்க, நானும் ஆரம்பத்துல அப்படித்தான் இருந்தேன், பேரல்ல ஈயம் ஒட்டுதேன்னு மேல மேல கடினமா வாங்கி ஒரு வருஷம் வீணாப்போச்சு. குண்டு பேரலுக்குள்ள சுருளா வெட்டியிருக்கிற காடியை முழுசா அடைக்கலன்னா பின்னாடி இருந்து வர்ற சூடான வாயு பக்கவாட்டுல இருக்கிற இடுக்கு வழியா பீறிட்டு ஈயத்தை அறுத்துக்கிட்டுப் போகும், அந்த ஈயம்தான் பேரல்ல பூசிக்குது. ஈயம் கடினமா இருந்தா அழுத்தத்துல கொஞ்சம் விரிஞ்சு இடுக்கை மூடுற வாய்ப்பும் போயிடும். அதனால சின்ன அளவு, அதிக கடினம், இந்த ரெண்டும் சேந்தா அதைவிட மோசமான ஜோடி கிடையாது.

மார்லின் 1953ல கொண்டுவந்த மைக்ரோ குரூவ்ல காடிங்க நிறைய, ஆனா ஆழம் ரொம்பக் கம்மி. அளவு ஒரு துளி குறைஞ்சாலும் அந்த ஆழமில்லாத காடி ஈயத்தைப் பிடிச்சு சுத்த வைக்காது. ஈயம் ஆகாதுன்னு பேர் வந்தது இதனாலதான். சரியான அளவுல போட்டா அந்த பேரல் ஈயத்தை நல்லாவே சுடும்.

முதல்ல பேரலை அளந்து பாருங்க. ரைஃபிள்ல தோட்டா இல்லன்னு ரெண்டு தடவை பாத்துட்டு, லீவரைத் திறந்து வெச்சுக்கிட்டு, பேரல்ல லேசா எண்ணெய் விட்டு, பேரலைவிட கொஞ்சம் பெருசா இருக்கிற சுத்த ஈயத் துண்டு ஒண்ணை, தூண்டில்ல கட்டுற ஈயம் போதும், வாய்ப்பக்கமா வெச்சு பித்தளைக் கம்பியால மெதுவா தட்டித் தட்டி உள்ள தள்ளுங்க. மரக்குச்சி வேணாம், உள்ள உடைஞ்சு சிக்கிக்கும். அந்தப்பக்கம் வந்து விழுற துண்டுல மேடா இருக்கிற பகுதிதான் பேரலோட காடி. அதை மைக்ரோமீட்டர்ல அளங்க. வெர்னியர் வேணாம், இங்க ஒரு இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்குதான் பேச்சே, வெர்னியர் அந்த அளவுக்கே தப்பு காட்டும்.

வந்த அளவைவிட .001ல இருந்து .002 வரைக்கும் பெரிய குண்டு வாங்குங்க. .3085 வந்துச்சுன்னா .310ல ஆரம்பிங்க. அதுக்காக இஷ்டத்துக்கு பெருசாக்கிடக் கூடாது, தோட்டாவோட பித்தளைக் கூட்டுக் கழுத்து, தோட்டா உக்கார்ற சேம்பர்ல விரிய இடம் இல்லன்னா குண்டை விடாது, அழுத்தம் ஏறிடும். இதுக்கு ஒரு சுலபமான சோதனை இருக்கு: உங்க ரைஃபிள்லயே சுட்ட ஒரு கூட்டை ரீசைஸ் பண்ணாம, அதாவது மறுபடி சுருக்காம எடுத்து, அதோட வாயில புது குண்டை விரலால நுழைச்சுப் பாருங்க, தடையில்லாம போச்சுன்னா இடம் இருக்குன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, இதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல. ஜாக்கெட் குண்டுக்கான எக்ஸ்பாண்டர்ல, அதாவது கூட்டோட வாயை விரிக்கிற கருவியில விரிச்ச கழுத்து ஈயக் குண்டுக்கு இறுக்கமா இருக்கும், .310 குண்டை உள்ள அழுத்தும்போதே கூடு அதை நசுக்கி .308 ஆக்கிடும், நீங்க பாட்டுக்கு பெரிய குண்டு போட்டும் சரியா வரலையேன்னு தலையைப் பிச்சிக்குவீங்க. லோடு பண்ண ஒரு தோட்டாவுல இருந்து குண்டைப் பிடுங்கி மறுபடி அளந்து பாத்தா உண்மை தெரிஞ்சிடும். படி வெச்ச, ஈயத்துக்குன்னே வர்ற எக்ஸ்பாண்டரைப் போட்டு வாயை லேசா விரிச்சிட்டு உக்கார வைங்க.

இதையெல்லாம் பண்றதுக்கு முன்னாடி பேரல்ல இருக்கிற பழைய ஈயத்தை முழுசா எடுத்துடுங்க, பழைய பிரஷ்ல சுத்தமான செம்பு நார் சுத்தி இழுத்தா வந்துடும். ஜாக்கெட் குண்டு சுட்டு ஈயத்தைத் தள்ளிடலாம்னு சொல்வாங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க, ஈயம் அடைச்ச பேரல்ல அது அழுத்தத்தை ஏத்துற வேலை.

கேள்வி: கூர் முனை ஈயக் குண்டு நிறைய சேத்து வெச்சிருக்கேன். லீவர் ரைஃபிள்ல போடலாமா?

பதில்: பேரலுக்குக் கீழ குழாய் மேகசின் இருந்தா போடவே கூடாது. அந்தக் குழாய்ல தோட்டாங்க வரிசையா ஒண்ணு பின்னாடி ஒண்ணு படுத்திருக்கும், ஒரு குண்டோட முனை முன்னாடி இருக்கிற தோட்டாவோட பிரைமர்மேல, அதாவது மருந்தைப் பத்தவைக்கிற அடி மூடிமேல நேரா இடிச்சுக்கிட்டு இருக்கும். சுடுற அதிர்ச்சியில கூர் முனை பிரைமரைக் குத்தினா குழாய்க்குள்ளயே வெடிக்கும், உங்க இடது கை அங்கதான் இருக்கு. தட்டை முனை மட்டும் போடுங்க, அந்தத் தட்டை பிரைமரைவிட அகலமா இருக்கட்டும். வின்செஸ்டர் 1895ல பெட்டி மேகசின், சாவேஜ் 99ல சுழல் மேகசின், அதுல கூர் முனை ஓடும். உங்களோடது எதுன்னு எழுதல, அதனால குழாய்னே வெச்சுக்கிட்டு சொல்றேன்.

கேள்வி: வீட்லயே குண்டு வார்க்க ஆரம்பிச்சிருக்கேன், பழைய கார் சக்கர வெயிட் ஈயம் இருக்கு. .30-30க்கும் .45-70க்கும் அது போதுமா, லைனோடைப் கலக்கணுமா? கேஸ் செக் அவசியமா? மான் வேட்டைக்கும் இதே குண்டு எடுத்துட்டுப் போகலாமா?

பதில்: சுத்த ஈயம் பிரினெல்ங்கிற கடினக் கணக்குல 5தான் இருக்கும், காத்துல ஆறின சக்கர வெயிட் 12 பக்கம், லைமன் நம்பர் 2ங்கிற கலவை 15, அது 90 பங்கு ஈயம், 5 பங்கு வெள்ளீயம், 5 பங்கு ஆன்டிமனி. லைனோடைப், அதாவது அச்சு எழுத்து வார்க்கிற ஈயக் கலவை, 22. .45-70ய பழைய கருப்பு மருந்து வேகத்துல, அதாவது வினாடிக்கு 1,300 அடி பக்கம் சுட்டா, சக்கர வெயிட் தாராளம், ஈயம் இன்னும் மென்மையா இருந்தாலும் பாதகமில்ல, கேஸ் செக்கும் தேவையில்ல. கேஸ் செக்குங்கிறது குண்டோட அடியில மாட்டுற சின்ன செம்புக் கிண்ணம், வாயு அடிப்பக்க ஓரத்தை அரிக்காம காப்பாத்தும். .30-30ல வேகம் 1,600, 1,800ன்னு ஏறும்போது கேஸ் செக் வர்ற மோல்டாவே வாங்கிடுங்க, அப்ப சக்கர வெயிட்ல கொஞ்சம் வெள்ளீயம் சேத்தாலே போதும். அந்த வெள்ளீயம் கடினத்துக்காக இல்ல, மோல்டோட மூலை முடுக்கு வரைக்கும் உருகு பாய்றதுக்கு. லைமன் 311041னு ஒரு பழைய மோல்டு, 170 கிரெயின் சுமார், தட்டை முனை, கேஸ் செக் வெச்சது, .30-30 லீவருக்காகவே பண்ண மாதிரி பொருந்தும், எனக்கு ரொம்பப் பிடிச்சது.

வேட்டைக்கு லைனோடைப்பை நான் சொல்ல மாட்டேன், அது உடையற ஜாதி, எலும்புல பட்டா சிதறலாம். ஈயக் குண்டு வேலை செய்றது அகலமான தட்டை முனையால, அதுகூட கொஞ்சம் மென்மையான ஈயமும் இருந்தா சரியா ஊடுருவும். ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி அந்த ஊர் சட்டத்தைப் பாத்துடுங்க, கலிஃபோர்னியாவுல 2019 ஜூலை 1ல இருந்து வேட்டைக்கு ஈயமே தடை.

சக்கர வெயிட்ல ஒரு எச்சரிக்கை. இப்ப வர்றதுல துத்தநாகமும் இரும்பும் நிறைய கலந்திருக்கு. ஈயம் 327 டிகிரி செல்சியஸ்ல உருகும், துத்தநாகத்துக்கு 420 வேணும், அதனால முதல் உருக்கல்ல சூட்டை 400க்குக் கீழ வெச்சா துத்தநாகம் உருகாம மிதக்கும், அள்ளி வெளிய போட்டுடலாம். கவனிக்காம உருகி கலந்துடுச்சுன்னா அந்த மொத்தப் பானையும் மோல்டுல சரியா நிரம்பாது. உருகின ஈயத்துல ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தா கொப்பளிச்சு வெடிக்கும், வேர்வைகூட ஆபத்து, கண்ணாடி, கையுறை, முழுக்கை சட்டை இல்லாம பானைக்கிட்ட போகாதீங்க.

கேள்வி: .357 லீவர் ரைஃபிள்ல ரிவால்வருக்கு வாங்கின செமி வாட்கட்டர் குண்டு போட்டா பாதி நேரம் சேம்பர் வாயில சிக்குது. ரைஃபிள்ல கோளாறா?

பதில்: ரைஃபிள் நல்லாத்தான் இருக்கும். செமி வாட்கட்டர் குண்டுல ஒரு கூர்மையான தோள் இருக்கு பாருங்க, அது சேம்பர் ஓரத்துல முட்டுது. ரிவால்வர்ல கையால போடுறதால தெரியாது. உருண்டு வந்து தட்டையில முடியுற குண்டுக்கு மாறுங்க, வழுக்கிக்கிட்டுப் போகும். தோட்டாவோட மொத்த நீளத்தையும் பாருங்க, .357க்கு 1.590 இன்ச்தான் உச்சம். வின்செஸ்டர் 1873 மாதிரி ரைஃபிள்ல தோட்டாவைத் தூக்குற கட்டை அதோட நீளத்துக்கே செஞ்சது, நீளம் கூடினா கட்டை எழும்பாது, ரொம்பக் குறைஞ்சா அடுத்த தோட்டா பாதி உள்ள வந்து பூட்டிக்கும்.

கிரிம்ப் காடி இருக்கிற குண்டாவும் பாத்து வாங்குங்க, லீவருக்கு இது முக்கியம். மேகசின் ஸ்ப்ரிங்கும் சுடுற உதையும் சேந்து குண்டை கூட்டுக்குள்ள தள்ளப் பாக்கும், குண்டு உள்ள போனா அழுத்தம் ஏறும். கூட்டோட வாயை அந்தக் காடிக்குள்ள நல்லா உருட்டி மடிச்சிட்டா நகராது.

கேள்வி: வீட்ல சின்னப் பிள்ளை இருக்கு. ஈயக் குண்டு வார்க்கிறதும் லோடு பண்றதும் ஆபத்தா?

பதில்: இதை நீங்க கேட்டதுல எனக்கு அவ்ளோ நிம்மதி. ஈயம் பிள்ளைங்க மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், அவங்களுக்கு இவ்வளவு வரைக்கும் பரவாயில்லன்னு ஒரு அளவே கிடையாது. வீட்டுக்குள்ள, சமையலறையில உருக்காதீங்க, வெளிய காத்தோட்டமா இருக்கிற இடத்துல மட்டும். அந்தச் சட்டையோட, அந்தச் செருப்போட பிள்ளையைத் தூக்காதீங்க, கழட்டி தனியா துவைச்சிடுங்க. கையை சோப்பு போட்டுக் கழுவாம எதையும் சாப்பிடவோ தண்ணி குடிக்கவோ வேணாம். பெஞ்சைத் துடைக்கிறப்ப ஈரத்துணி, விளக்குமாறு போட்டா தூசி பறந்து வீடெல்லாம் பரவும். சுடுற இடத்துல இருந்து வந்ததும் இதேதான், பிரைமர் புகையிலும் ஈயம் இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை உங்களுக்கும் பிள்ளைக்கும் ரத்தத்துல ஈய அளவு பாக்கச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க, அளவு ஏறியிருந்தா அன்னிக்கே பானையை அணைச்சிட்டு, வார்த்த குண்டை வெளிய வாங்கிக்கலாம்.