ஊசி மட்டும் போதுமா? எட்டாவது வாரக் கருக்கலைப்பில் வலி

தோழி, எட்டு வாரம், ஜெயநகர் கிளினிக்கில் உறிஞ்சு முறை, ஊசி போட்டுச் செய்வோம் என்கிறார்கள், முழு மயக்கம் கேட்கவா என்கிறீர்கள். வேண்டியதில்லை. முழு மயக்கத்தில் ஆபத்து கூடும். வேலையோ ஐந்து, பத்து நிமிடம்தான். ஆனால் ஊசி மட்டும் என்றால் அது போதாது.

கருப்பை வாயைச் சுற்றி ஊசியில் போடும் லிக்னோகைன் என்ற மரப்பு மருந்து முக்கியமாக அந்த வாயைத்தான் மரக்கச் செய்யும். கடைசியில் கருப்பை சுருங்கும்போது வரும் பிடிப்பு வலிக்கு ஐபுப்ரோஃபென் வேண்டும்: 400 முதல் 800 மி.கி., முக்கால் மணி நேரம் முன்பே. பாராசிட்டமால் இதற்கு உதவாது. அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்பிரின் ஒவ்வாமை இருந்தால் ஐபுப்ரோஃபென் கூடாது, முன்பே சொல்லிவிடுங்கள்.

ஊசியில் வழக்கமாக 1 சதவீத லிக்னோகைன் 20 மி.லி. உங்கள் எடை 45 கிலோவுக்குக் கீழ் என்றால் அளவைக் குறைக்க வேண்டும். போட்டதும் மூன்று நிமிடமாவது பொறுக்கச் சொல்லுங்கள்.  காதில் இரைச்சல், நாக்கு மரப்பு வந்தால் உடனே சொல்லுங்கள், மருந்து ரத்தத்தில் கலந்திருக்கலாம்.

பயம் அதிகமென்றால் நரம்பு வழி லேசான மயக்கம் கேளுங்கள். அதற்கு ஆறு மணி நேரம் சாப்பிடக் கூடாது, கூட ஆள் வர வேண்டும்.

பதினெட்டு வயது நிரம்பியிருந்தால் உங்கள் கையெழுத்து போதும். கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின் இரண்டு மணி நேரம் தொடர்ந்து, மணிக்கு இரண்டு பேட் நனைந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.