அக்கா மகனுக்குத் தசைச்சிதைவு நோய்: எனக்குப் பிறக்கும் குழந்தைக்கும் வருமா?

கேள்வி: என் அக்கா மகனுக்கு 7 வயது. ஓடும்போது அடிக்கடி விழுவான், மாடிப்படி ஏறச் சிரமப்படுவான். டூஷென் தசைச்சிதைவு, அதாவது டிஎம்டி என்று இப்போது சொல்லியிருக்கிறார்கள். எனக்கு 25 வயது, வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் யாருக்கும் இந்த நோய் இருந்ததில்லை. 22 வயதுத் தம்பி நன்றாக இருக்கிறான். ‘சொந்தத்தில் கொடுக்காமல் அசலில் கொடுத்தால் பயமில்லை’ என்கிறார்கள் பெரியவர்கள். தெரிந்த லேப்காரர் ஒருவர், கல்யாணத்துக்கு முன் எடுக்கும் ஜீன் பேக்கேஜ் ஒன்று இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்கிறார். எடுக்கலாமா? அக்கா வீட்டில் பையனுக்கு ஸ்டெம் செல் ஊசி போட நகையை அடகு வைக்கப் போகிறார்கள். அது பலன் தருமா?
– பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: பேக்கேஜுக்குப் பணம் கட்டாதீர்கள். முதலில் பரிசோதிக்க வேண்டியது பையனை, அடுத்து உங்கள் அக்காவை. அந்த இரண்டு ரிப்போர்ட்டும் வந்த பிறகுதான் உங்களுக்குச் சோதனை வேண்டுமா, வேண்டுமென்றால் எது என்று சொல்ல முடியும். இந்த வரிசையை மாற்றுவதால்தான் பலர் பணத்தையும் கொடுத்து, தப்பான நிம்மதியையும் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

அசலில் கொடுப்பது பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் சொல்வது தலசீமியா என்ற ரத்த நோய் மாதிரியானவற்றுக்குச் சரி. அவற்றில் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும். மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள் கட்டும்போது இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. டிஎம்டி அந்த வகை கிடையாது. இதற்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, அதனால் ஒன்று பழுதானாலும் இன்னொன்று பெரும்பாலும் சமாளித்துவிடும். ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் அம்மாவிடமிருந்து வருவது. அது பழுதாக இருந்தால் தசையைத் தாங்கிப் பிடிக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உருவாகாது, தசை கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். ஆகவே மாப்பிள்ளை அசலா, மாமன் மகனா என்பது இந்த நோயின் கணக்கை மாற்றாது. நீங்கள் அந்தப் பழுதைச் சுமக்கிறீர்களா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி.

உங்கள் தம்பியைப் பற்றிக் கவலையே வேண்டாம். 22 வயதில் நன்றாக ஓடியாடுகிறார் என்றால் அவரிடம் இந்தப் பழுது இல்லை, அவருடைய பிள்ளைகளுக்கும் அவர் வழியாக வராது. அவருக்குப் பெண் கொடுக்க யாராவது தயங்கினால் இதைத் தைரியமாகச் சொல்லலாம்.

‘எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே’ என்பது இரண்டு விதமாக நடக்கலாம். பழுது பெண்கள் வழியாகவே சத்தமில்லாமல் தலைமுறை தாண்டி வந்திருக்கலாம். அல்லது இந்தப் பையனிடம்தான் முதன்முதலில் உண்டாகியிருக்கலாம். டிஎம்டி உள்ள பையன்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு அப்படிப் புதிதாகத்தான் வருகிறது, அவர்களுடைய அம்மாக்கள் அதைச் சுமப்பவர்கள் இல்லை. இதையெல்லாம் வைத்துக் கணக்குப் போட்டால், எந்தச் சோதனையும் செய்யாத இந்த நிலையில் நீங்கள் சுமப்பவராக இருக்கும் வாய்ப்பு சுமார் 6-ல் 1. தம்பி நன்றாக இருப்பதால் அதுவும் இன்னும் கொஞ்சம் குறையும். இதைச் சோதித்தே தீர வேண்டும், ஆனால் இதற்காகக் கல்யாணப் பேச்சை நிறுத்த வேண்டியதில்லை.

சரி, ஏன் பையனிடமிருந்து தொடங்க வேண்டும்? டிஎம்டிக்குக் காரணமான மரபணு, மனித மரபணுக்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று, 20 லட்சம் டிஎன்ஏ எழுத்துகளுக்கு மேல். வேலை செய்யும் பகுதிகளை மட்டும் எக்ஸான் என்பார்கள், அவை 79. பெரும்பாலான பையன்களுக்கு இந்த எக்ஸான்களில் சில மொத்தமாகக் காணாமல் போயிருக்கும், சிலருக்கு இரட்டித்திருக்கும். மீதிப் பேருக்குத்தான் எழுத்துப்பிழை. லேப்காரர்கள் விற்கும் பல பேக்கேஜ்கள் எழுத்துப்பிழை தேடுபவை. உங்களிடம் ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதிகள் இருந்து, ஒன்றில் நடுவே ஐந்து பக்கம் கிழிந்துபோயிருக்கிறது என்று வையுங்கள். பிழை திருத்துபவர் இரண்டையும் சேர்த்துப் படித்தால், நல்ல பிரதியில் அந்த ஐந்து பக்கமும் இருப்பதால் எல்லாம் சரி என்று எழுதிவிடுவார். சுமக்கும் பெண்ணிடம் நடப்பது இதுதான். ஒவ்வொரு பக்கமும் எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் சோதனை வேறு, அதன் பெயர் எம்எல்பிஏ. பையனிடம் ஒரே பிரதிதான் இருப்பதால் அவனிடம் பழுதைக் கண்டுபிடிப்பது சுலபம். முதலில் எம்எல்பிஏ, அதில் தெரியாவிட்டால் எழுத்து எழுத்தாகப் படிக்கும் சோதனை. ‘45 முதல் 50 வரை எக்ஸான்கள் இல்லை’ என்பது போலத் துல்லியமாக ஒரு வரி கிடைக்கும். அந்த வரிதான் உங்கள் குடும்பம் முழுவதற்கும் ஆதாரம், லேமினேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பெண்களிடம் அதே இடத்தை மட்டும் பார்த்தால் போதும்.

பையனுக்கு ரத்தத்தில் சிபிகே (தசை சிதைந்தால் கூடும் ஒரு நொதி) அளவை மட்டும் பார்த்துவிட்டு டிஎம்டி என்று சொல்லியிருந்தால், மரபணு ரிப்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்று அர்த்தம். அதை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு சிபிகே பார்த்து ‘நார்மல், நீங்கள் சுமக்கவில்லை’ என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். பழுதைச் சுமக்கும் பெண்களில் கணிசமானவர்களுக்கு சிபிகே நார்மலாகத்தான் இருக்கும்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அடிக்கடி விழும் ஒரு ஆண் குழந்தைக்கு ரத்தச் சோதனையில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற நொதிகள் கூடுதலாக இருந்தால் உடனே ‘லிவர் கோளாறு’ என்று மருந்து தொடங்குகிறார்கள். அந்த இரண்டும் சிதையும் தசையிலிருந்தும் ரத்தத்துக்கு வரும் என்பது மருத்துவப் படிப்பிலேயே இருக்கிறது. கூடவே ஒரு சிபிகே எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே விஷயம் தெரிந்துவிடும். அது எழுதப்படாமல், மஞ்சள்காமாலைக்கு வேர் அரைத்துக் குடித்து, பத்தியம் இருந்து, இரண்டு வருடம் போன பிள்ளைகளை நான் தொடர்ந்து பார்க்கிறேன். அந்த இடைவெளியில் அம்மா அடுத்த குழந்தையைச் சுமக்கத் தொடங்கியிருப்பார், யாரும் எச்சரித்திருக்க மாட்டார்கள். தரையிலிருந்து எழும்போது தன் தொடையில் கையை ஊன்றி ஊன்றி ஏறும் குழந்தையை அங்கன்வாடியிலேயே கண்டுகொள்ளலாம். அதற்கு மெஷின் எதுவும் வேண்டாம், ஒரு நாள் பயிற்சி போதும். அதைக்கூட முறையாகச் செய்ய நம்மால் முடியவில்லை.

இப்போது அக்காவின் சோதனை. பழுது அவரிடம் இல்லை என்று வந்தால், நீங்கள் விடுபட்டீர்கள். உங்களுக்கு மேற்கொண்டு எதுவும் வேண்டாம். ஆனால் அக்கா விடுபடவில்லை. இதைத் தயவுசெய்து நிதானமாகப் படித்து, அக்காவுக்கும் படித்துக் காட்டுங்கள். ரத்தத்தில் இல்லாத பழுது கருமுட்டைகளில் சிலவற்றில் மட்டும் இருக்கலாம். சோதனைக்கு எடுப்பது ரத்தம், குழந்தை உருவாவது கருமுட்டையிலிருந்து. அதனால் ‘உங்களிடம் இல்லை, அடுத்த குழந்தைக்குப் பயமே இல்லை’ என்று யார் சொன்னாலும் அது தப்பு. வாய்ப்பு குறைவுதான், ஆனால் ஒன்றுமில்லை என்று தள்ளிவிடும் அளவுக்குக் குறைவு இல்லை. அக்கா மறுபடி கருவுற்றால் கருவிலேயே சோதித்துக்கொள்ள வேண்டும்.

இதே சிக்கல் உங்கள் அம்மா விஷயத்திலும் வரும். அக்காவிடம் பழுது இருக்கிறது, அம்மாவின் ரத்தத்தில் இல்லை என்று வந்ததாக வையுங்கள். ‘அம்மாவுக்கே இல்லை, அப்புறம் தங்கைக்கு எப்படி வரும்’ என்று அனுப்பிவிடுவார்கள். அம்மாவின் கருமுட்டைகளில் ஒளிந்திருந்து அக்காவுக்கு வந்தது உங்களுக்கும் வந்திருக்கலாம். அப்பாவின் விந்தணுக்களில் சிலவற்றில் இருந்தும் வந்திருக்கலாம். ஆகவே அக்காவுக்கு இருக்கிறது என்றால், அம்மாவின் ரிப்போர்ட் என்ன சொன்னாலும் நீங்கள் சோதித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சோதனை உங்களைப் பற்றி நேரடியாகப் பதில் சொல்லிவிடும்.

உங்களிடம் இருக்கிறது என்று வந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் மகன் என்றால் நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, மகள் என்றால் உங்களைப் போலச் சுமப்பவராக இருக்க பாதிக்குப் பாதி. மொத்தத்தில் நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு 4-ல் 1. முதல் பிள்ளை எப்படிப் பிறந்தது என்பதற்கும் அடுத்த பிள்ளைக்கும் சம்பந்தமில்லை. கருவுற்ற 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியில் துளி திசு எடுத்தோ, 16 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர் எடுத்தோ, குடும்பத்தில் தெரிந்த அந்தப் பழுது இருக்கிறதா என்று பார்க்கலாம். குடும்பத்தின் பழுது எது என்று முன்பே தெரிந்திருந்தால்தான் இது நேரத்துக்கு முடியும். கருவுற்ற பிறகு பையனுடைய ரிப்போர்ட்டைத் தேடத் தொடங்கினால் வாரங்கள் ஓடிவிடும். சுமப்பவர் என்று உறுதியான பெண்கள், அக்காவும்தான், சில வருடங்களுக்கு ஒருமுறை இதயத்துக்கு எக்கோ எடுத்துக்கொள்வது நல்லது.

இந்த இடத்தில்தான் இடைத்தரகர்கள் வருவார்கள். ‘எதற்கு இவ்வளவு செலவு? ஸ்கேனில் பாலினம் சொல்லிவிடுகிறோம், பெண் என்றால் வைத்துக்கொள்ளுங்கள்’ என்பார்கள். அது குற்றம். அதோடு, சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் மகன்களில் பாதிப் பேர் முழு ஆரோக்கியமானவர்கள். அந்தப் பிள்ளைகளையும் சேர்த்து அழிக்கச் சொல்கிறார்கள். பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டமே, பாலினம் சார்ந்து வரும் மரபு நோய்களுக்குக் கருவில் சோதனை செய்ய அனுமதிக்கிறது. பதிவு பெற்ற மையத்தில், உங்கள் எழுத்துபூர்வமான ஒப்புதலோடு செய்வார்கள். நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்வார்கள். தரகர் தேவையில்லை.

வேலூர் சிஎம்சியில் மரபியல் துறை இருக்கிறது, பெங்களூரு நிம்ஹான்ஸில் நரம்பு, தசை நோய்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து இரண்டுக்கும் போய்வரலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே மரபியல் ஆலோசனைக்கென்று ஒருவர் உட்கார்ந்திருந்தால் இந்த அலைச்சலே வேண்டாம். அந்த இடம் காலியாக இருப்பதால்தான் லேப்காரர் உங்களுக்கு ஆலோசகராகிவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வதா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ரிப்போர்ட் வருவதற்கு முன் அரைகுறையாகப் பரப்பாதீர்கள். இருக்கிறது என்று வந்தால், நிச்சயத்துக்கு முன் மாப்பிள்ளையிடம் நேரில் நீங்களே சொல்லுங்கள். முடிந்தால் அவரையும் ஆலோசனைக்கு அழைத்துப் போங்கள். பிறகு தெரியவந்தால் பழி முழுவதும் உங்கள் தலையில்தான் விழும்.

ஸ்டெம் செல் ஊசிக்கு நகையை அடகு வைக்க வேண்டாம். டிஎம்டியை அது குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சியாக மட்டுமே நடக்கலாம், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. காசு கேட்கிறார்கள் என்றாலே எழுந்து வந்துவிடுங்கள். முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். பையனுக்கு உண்மையில் உதவுவது நரம்பியல் மருத்துவர் மேற்பார்வையில் ஸ்டீராய்டு, தினமும் பிசியோதெரபி, வருடம் ஒருமுறை இதயப் பரிசோதனை. ஸ்டீராய்டு என்றதும் பயந்து தாங்களாகவே பாதியில் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், திடீரென்று நிறுத்துவது ஆபத்து. தசைச்சிதைவு நோய்க்குத் தமிழக அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அக்காவையே நேரடியாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வாசலில் நிற்பவரிடம் படிவத்துக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.