மோட்டார்ஹோமின் பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்தது பற்றி

வணக்கம். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் குறுகலான சாலையில் எதிரே வந்த வேன் உரசி, உங்கள் மோட்டார்ஹோமின் (தங்கும் வசதியுள்ள வண்டி) வலப்பக்கப் பின்பார்வைக் கண்ணாடியின் உறை உடைந்துவிட்டதாகவும், பிளாஸ்டிக் காப்பு மாட்டினால் போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். கட்டாயம் மாட்டுங்கள், ஆனால் அது கீறலையும் லேசான அடியையும் தாங்குமே தவிர, கண்ணாடியின் தண்டு முறிவதைத் தடுக்காது. பயந்துபோய் இடப்பக்கம் அதிகம் ஒதுங்கவும் வேண்டாம், ஏனெனில் அங்குள்ள வேலிகளில் செடிகொடிகளுக்குப் பின்னால் கல்சுவர் மறைந்திருக்கும். ஒதுங்குமிடத்தில் முழுவதுமாக நின்று, வலக்கண்ணாடியை மடக்கி, எதிர்வண்டியைப் போகவிட்டு, மீண்டும் விரித்த பிறகே கிளம்புங்கள். என் வண்டியின் கையேட்டில் அகலம் 2.3 மீட்டர் என்றிருந்தது. கண்ணாடிகளோடு அளந்தபோது 2.7 மீட்டர் வந்தது. உங்கள் வண்டியையும் அவ்வாறே அளந்து, அந்த எண்ணை ஸ்டீயரிங் அருகில் ஒட்டிவையுங்கள்.