தினமும் வீடு திரும்பும் டிராவல் நர்ஸுக்கு வரியில்லா ஸ்டைபெண்ட் செல்லுமா?

கேள்வி: டெக்சஸில் டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறோம். கிரீன் கார்டு உண்டு. நான் ஐசியூ நர்ஸ். பிள்ளைகள் பள்ளிக்குப் போவதால் வெளிமாநிலத்தில் சில வாரம் தங்கிப் பார்க்கும் டிராவல் நர்ஸ் வேலை ஒத்துவராது. அதனால் ஒரு ஏஜென்சி மூலமாக, வீட்டிலிருந்து 54 மைல் தள்ளி இருக்கும் மருத்துவமனையில் 13 வார கான்ட்ராக்ட் எடுத்தேன். மணிக்கு 24 டாலர் சம்பளம். அது போக தங்குமிடம், சாப்பாட்டுக்கு என்று வாரம் 1,000 டாலர் ஸ்டைபெண்ட், அதற்கு வரி பிடிக்கவில்லை. "50 மைல் தாண்டிவிட்டீர்கள், பிரச்சினையே இல்லை" என்றார் ரெக்ரூட்டர். தினமும் காரில்தான் போய் வந்தேன். சில வாரம் நாலு ஷிஃப்ட் பார்த்தேன், ஓவர்டைம் மணிக்கு 36 டாலர் கொடுத்தார்கள். எட்டாவது வாரம் முடிந்ததும் மருத்துவமனை கான்ட்ராக்டை நிறுத்திவிட்டது. கடைசிச் சம்பளத்தில் ஓரியண்டேஷன், மருத்துவப் பரிசோதனைச் செலவு என்று 600 டாலரை ஏஜென்சி பிடித்துக்கொண்டது. ஸ்டைபெண்ட் வாங்கியதே தப்பு என்கிறாள் தோழி. இதற்கிடையில் அதே மருத்துவமனை மேனேஜர் நேரடியாக வந்து சேரச் சொல்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் தோழி சொன்னது சரி. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்த எட்டு வாரத்து 8,000 டாலரும் சம்பளம்தான், வரி கட்ட வேண்டிய பணம்.

இந்த 50 மைல் கதையை எல்லா ரெக்ரூட்டரும் மந்திரம் மாதிரி சொல்வார்கள். ஸ்டைபெண்டுக்கு அப்படி ஒரு விதி வருமான வரிச் சட்டத்தில் கிடையாது. உள்ளூர் ஊழியர்கள் வேலையை விட்டுவிட்டு ஏஜென்சி வழியாக அதிகச் சம்பளத்துக்குத் திரும்பி வந்துவிடக் கூடாது என்று மருத்துவமனைகள் 50 மைல், 75 மைல் என்று வட்டம் போட்டு வைத்திருக்கின்றன. அது அவர்களுடைய நிர்வாக விதி. வரிச் சட்டத்திலும் 50 மைல் என்ற அளவு ஒன்று உண்டுதான், ஆனால் அது வேலைக்காக வீடு மாறுகிறவர்களின் இடமாற்றச் செலவுக்கு. அந்தக் கழிவும் 2018 முதல் ராணுவத்தினர் போன்ற சிலரைத் தவிர யாருக்கும் இல்லை.

ஐஆர்எஸ் (அமெரிக்க வருமான வரித் துறை) கேட்பது வேறு. உங்கள் டாக்ஸ் ஹோமை விட்டு வெளியே தங்கி வேலை பார்த்தீர்களா? அங்கே படுத்துத் தூங்கினால்தான் அடுத்த வேலையைப் பார்க்க முடியும் என்ற நிலை இருந்ததா? டாக்ஸ் ஹோம் என்பது பெரும்பாலும் நீங்கள் பிரதானமாக வேலை செய்யும் ஊரும் அதன் சுற்றுவட்டாரமும்தான். குடும்பம் எங்கே இருக்கிறது என்பதை வைத்து அதை முடிவு செய்வதில்லை. இரண்டாவது கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1967-இல் கோரெல் வழக்கில் பதில் சொல்லிவிட்டது. கோரெல் ஒரு மளிகை மொத்த வியாபார நிறுவனத்தின் விற்பனையாளர். விடியற்காலையில் கிளம்பி, காலை உணவையும் மதிய உணவையும் வழியில் முடித்துவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். எத்தனை மைல் ஓட்டினாலும் அன்றே வீடு திரும்புகிறவருக்கு அந்தச் சாப்பாட்டுச் செலவைக் கழிக்க முடியாது என்று தீர்ப்பானது. நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள், "பார்க்கிங்கில் காரிலேயே தூங்கினேனே" என்று என்னிடம் கேட்பதுண்டு. காரில் கண் அசருவது போதாது என்று ஐஆர்எஸ்ஸின் 463-ஆம் வெளியீட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

உங்கள் பக்கம் தங்குமிடச் செலவே இல்லை. 54 மைல் ஓட்டியது சட்டத்தின் கண்ணில் வீட்டிலிருந்து வேலைக்குப் போய் வந்ததுதான். பெட்ரோலுக்கு நிறைய ஆகியிருக்கும், புரிகிறது. அதையும் கழிக்க முடியாது.

வேலையில் சேரும்போது கணினியில் வரிசையாகக் கையெழுத்து வாங்கியிருப்பார்களே, அதில் டாக்ஸ் ஹோம் உறுதிமொழி என்று ஒரு பக்கம் இருக்கும். "எனக்கு நிரந்தர வீடு இருக்கிறது, வேலை இடத்திலும் தங்குவதற்குத் தனியாகச் செலவு செய்கிறேன்" என்ற மாதிரி வாசகம். நாளைக்கு ஐஆர்எஸ் வந்தால் ஏஜென்சி முதலில் எடுத்து நீட்டப்போவது அந்தப் பக்கத்தைத்தான்: நர்ஸ் எழுதிக் கொடுத்தார், நாங்கள் நம்பினோம் என்பார்கள். ரெக்ரூட்டர் போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. ஏஜென்சி தளத்தில் உங்கள் கணக்கு இன்னும் திறக்கிறது என்றால் அந்தப் பக்கத்தை இன்றைக்கே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கான்ட்ராக்ட், எல்லா வாரத்துச் சம்பளச் சீட்டு, ரெக்ரூட்டர் அனுப்பிய குறுஞ்செய்திகள், இவற்றையும் சேர்த்து.

அந்த ஆண்டுக் கணக்கை இன்னும் தாக்கல் செய்யவில்லை என்றால் நல்லது. ஸ்டைபெண்டைச் சம்பளமாக மாற்றி டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பளத்தைக் காட்டும் படிவம்) கொடுக்கும்படி ஏஜென்சிக்கு எழுதுங்கள். மறுத்தால், ஒரு சிபிஏ (உரிமம் பெற்ற கணக்காளர்) மூலம் நீங்களே அந்த வருமானத்தைக் காட்டித் தாக்கல் செய்யுங்கள். ஏற்கெனவே தாக்கல் செய்துவிட்டீர்கள் என்றால் 1040-எக்ஸ் படிவத்தில் திருத்தலாம். ஐஆர்எஸ் உங்களைத் தொடர்புகொள்ளும் முன் நீங்களாகத் திருத்திக் கட்டினால் பாக்கி வரியும் வட்டியும்தான் வரும், 20 சதவீத அபராதம் பொதுவாக வராது. அவர்கள் கடிதம் வந்த பிறகு இந்தச் சலுகை இல்லை. வழக்கமாக மூன்று வருடம் வரை அவர்கள் கணக்கைக் கிளறலாம். விட்டுப்போன தொகை, காட்டிய மொத்த வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் என்றால் ஆறு வருடம்.

இதற்காக உள்ளூர் கான்ட்ராக்டே கூடாது என்று சொல்லவில்லை. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. அடுத்த தடவை, "நான் தினமும் வீட்டுக்குப் போகிறவள், எல்லாவற்றையும் மணிச் சம்பளத்தில் போட்டு ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். கைக்கு வருவது கொஞ்சம் குறையும். ஆனால் வேலையிழப்புப் படி, சோஷியல் செக்யூரிட்டி, வீட்டுக் கடன், எல்லாமே வரி பிடித்த சம்பளத்தை வைத்துத்தான் கணக்காகும். மணிக்கு 24 டாலர் என்று பதிவான ஐசியூ நர்ஸுக்கு வேலை போனால் அந்த 24-ஐ வைத்துத்தான் படி கிடைக்கும்.

அடுத்து ஓவர்டைம். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்களுக்கு வர வேண்டிய பணம் இங்கே இருக்கிறது. வாரத்தில் 40 மணி நேரத்துக்கு மேல் போனால் வழக்கமான ஊதிய விகிதத்தில் ஒன்றரை மடங்கு என்பது கூட்டாட்சிச் சட்டம். அந்த விகிதத்தில் ஸ்டைபெண்டும் சேருமா என்பதுதான் விஷயம். ஏஎம்என் சர்வீசஸ் என்ற நர்ஸ் ஏஜென்சி மீது கிளார்க் என்பவர் போட்ட வழக்கில், அங்கே கொடுத்த படி உண்மையில் சம்பளமாகத்தான் இயங்கியது, ஓவர்டைம் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. பயணமே செய்யாத உள்ளூர் ஊழியர்களுக்கும் அதே படியை, சம்பளம் என்று ஒப்புக்கொண்டு அந்த நிறுவனம் கொடுத்துவந்ததும் அதற்கு ஒரு காரணம். சர்க்யூட் என்பது மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் எல்லைக்குட்பட்ட வட்டாரம்; டெக்சஸ் ஐந்தாவது சர்க்யூட்டில் வருவதால் அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் செலவு மாதிரி ஊழியரின் சொந்தச் செலவை நிறுவனம் கொடுத்தால் அதுவும் விகிதத்தில் சேரும் என்ற தொழிலாளர் துறை விதி நாடு முழுக்கப் பொருந்தும்.

கணக்கைப் பாருங்கள். நாலு ஷிஃப்டில் 48 மணி நேரம் வேலை பார்த்த வாரத்தில் 1,000 டாலரை 48-ஆல் வகுத்தால் மணிக்கு 20 டாலர் 83 சென்ட். ஒன்றரை மடங்கில் ஒரு மடங்கு ஸ்டைபெண்டாகவே வந்துவிட்டது, பாக்கி அரை மடங்குதான். அதனால் அந்தத் தொகையில் பாதியை எட்டு ஓவர்டைம் மணிகளால் பெருக்கினால், அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் சுமார் 83 டாலர் குறைவாகக் கொடுத்திருக்கிறார்கள். உரிமை கோர இரண்டு வருடம், வேண்டுமென்றே செய்தது என்று நிரூபித்தால் மூன்று வருடம். பாக்கி அளவுக்கே இழப்பீடும் சேர்த்துக் கேட்கலாம். ஒன்று மட்டும்: ஸ்டைபெண்ட் சம்பளம்தான் என்று இங்கே வாதாடிவிட்டு, வரிக் கணக்கில் அது சம்பளம் இல்லை என்று வைத்திருக்க முடியாது. அதனால் வரியை முதலில் சரிசெய்யுங்கள்.

600 டாலர் பிடித்தம்: டெக்சஸ் ஊதியச் சட்டப்படி, இன்னதற்காகப் பிடிக்கலாம் என்று குறிப்பாக நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தால்தான் பிடிக்க முடியும். "கான்ட்ராக்ட் முடியாவிட்டால் செலவைத் திரும்பப் பெறுவோம்" என்று ஒரு வரி இருக்கலாம். அது நீங்கள் விலகினால் மட்டுமா, மருத்துவமனை நிறுத்தினாலுமா என்று படித்துப் பாருங்கள். நீங்கள் விலகினால் மட்டும் என்றால் உங்களிடம் பிடித்தது செல்லாது. மாநிலத்தின் தொழிலாளர் அமைப்பான டெக்சஸ் வொர்க்ஃபோர்ஸ் கமிஷனில் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. சம்பளம் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். மீதி ஐந்து வாரச் சம்பளத்துக்கு அதிக நம்பிக்கை வேண்டாம். இங்கே பெரும்பாலான கான்ட்ராக்டில் மருத்துவமனை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றுதான் இருக்கும்.

வேலையிழப்புப் படி கேட்கும் எண்ணம் இருந்தால், அதற்கு முன்னால் வேறு வேலை இருக்கிறதா என்று ஏஜென்சியிடம் மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். தற்காலிக ஊழியர் அப்படிக் கேட்காவிட்டால், அந்த விதியை ஏஜென்சி ஏற்கெனவே எழுத்தில் சொல்லியிருக்கும் பட்சத்தில், தானாக வேலையை விட்டதாகத்தான் கணக்கு.

கடைசியாக மேனேஜர் அழைப்பு. கான்ட்ராக்டில் இரண்டு விதமான தடை இருக்கலாம். மருத்துவமனை உங்களை எடுத்தால் ஏஜென்சிக்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்பது அவர்களுக்குள் உள்ள ஒப்பந்தம், அது மருத்துவமனையின் செலவு. நீங்களே இத்தனை மாதம் அங்கே சேரக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தால் அதுதான் உங்களைக் கட்டும். 2025 செப்டம்பர் 1 முதல் போட்ட அல்லது புதுப்பித்த ஒப்பந்தங்களில் நர்ஸ்கள் மீதான போட்டித் தடைக்கு டெக்சஸ் வரம்பு வைத்திருக்கிறது: ஒரு வருடத்துக்கு மேல் கூடாது, ஐந்து மைல் சுற்றளவுக்கு மேல் கூடாது, அந்தத் தடையிலிருந்து விடுபட உங்களிடம் கேட்கும் தொகை உங்கள் ஒரு வருடச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு முந்தைய தேதி என்றால் பழைய, பொதுவான நியாய அளவுகோல்தான். கான்ட்ராக்டின் கையெழுத்துத் தேதியையும் அந்தப் பத்தியையும் பார்த்துவிட்டு மேனேஜருக்குப் பதில் சொல்லுங்கள். ஏஜென்சிக் கட்டணத்தை மருத்துவமனையே ஏற்கும் என்பதை அவர் எழுத்தில் தந்தால் இன்னும் நல்லது.