கருக்கலில் ஸ்கோப்புக்குள் படம் ஏன் கறுத்துப்போகிறது? கண்ணை எங்கே வைப்பது?

கேள்வி இதுதான்: "என் துப்பாக்கியில் 3-9×40 ஸ்கோப் இருக்கிறது (பவர் 3 முதல் 9 மடங்கு வரை, முன்லென்ஸின் விட்டம் 40 மி.மீ.). பொழுது சாய்ந்ததும் 9-இல் வைத்துப் பார்த்தால் படம் கறுத்துவிடுகிறது. கண்ணை வைக்கும் இடமும் பிடிபடுவதில்லை, ஓரத்தில் நிழல் விழுகிறது. 56 மி.மீ. லென்ஸ் உள்ள ஸ்கோப்புக்கு மாறலாமா?"

மாறலாம். ஆனால் வாங்குவதற்கு முன்னால் கையில் இருக்கும் ஸ்கோப்பையே ஒரு சோதனை செய்து பாருங்கள். படம் கறுப்பது ஒரு கோளாறு, கண் நிலைகொள்ளாதது வேறொரு கோளாறு என்று நினைத்து நானும் பல வருடம் லென்ஸ் அளவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான்.

பகல் வேளையில், தோட்டா அறையைத் திறந்து துப்பாக்கி காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொள்ளுங்கள். வெயில் விழும் மண்மேட்டை நோக்கித் தாங்கியில் வைத்துவிட்டு, கண்பக்க லென்ஸிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று பாருங்கள். கறுப்புக்கு நடுவில் ஒரு சின்ன வெளிச்ச வட்டம் மிதக்கும். பவர் வளையம் 9-இல் இருந்தால் அது மிளகு அளவு. மெதுவாக 6-க்குத் திருப்பினால் கண்ணெதிரே பட்டாணி அளவுக்கு விரியும். தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தினால் வட்டம் பிறையாகத் தேய்ந்து மறைந்துவிடும். நீங்கள் சொல்லும் நிழல் அதுதான்.

அந்த வட்டத்தை எக்ஸிட் பியூபில் என்பார்கள். முன்லென்ஸின் விட்டத்தைப் பவரால் வகுத்தால் அதன் அளவு வந்துவிடும். உங்கள் ஸ்கோப்பில் 9-இல் 4.4 மி.மீ., 6-இல் 6.7 மி.மீ. இருட்டில் நம் கண்மணி இளம் வயதில் ஏறக்குறைய 7 மி.மீ. வரை விரியும், வயது ஏற ஏற அது 5-ஐ ஒட்டி வந்துவிடும். ஆக, விரிந்த கண்மணிக்கு 9-இல் ஸ்கோப் போதுமான வெளிச்சத்தைத் தருவதே இல்லை. 6-க்கு இறக்கினால் வட்டத்தின் பரப்பு 2¼ மடங்கு ஆகிறது. கண் அங்கே இங்கே ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் படம் போகாது. வெளிச்சமும் கண் வசதியும் சேர்ந்தே வருவது இதனால்தான்.

ஒரு அந்தியில் பரணில் உட்கார்ந்திருந்தேன். வயலோரம் ஒரு பன்றி. 9-இல் பார்த்தால் கறுப்பு மூட்டை மாதிரி இருந்தது, தலை கொஞ்சம் அசைந்தால் அதுவும் போய்விடும். வளையத்தை 6-க்குத் திருப்பினேன். முதுகுமயிர் தெரிந்தது, காது தெரிந்தது, அப்புறம் அதன் காலடியில் குட்டிகள் நகர்வதும் தெரிந்தது. விரலை எடுத்துவிட்டேன். அன்றைக்கு 9-லேயே பிடிவாதமாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் நினைப்பதுண்டு.

அதற்காகப் பவரை 3-க்கு இறக்கினால் இன்னும் நன்றாகத் தெரியுமா? தெரியாது. கண்மணியைவிடப் பெரிய வட்டம் வந்தாலும் மிச்ச வெளிச்சம் கண்ணுக்குள் போகாது, உருவமும் சிறுத்துவிடும். மங்கலில் கண்ணின் கூர்மை குறைந்துவிடுவதால் உருவம் பெரிதாக இருப்பதும் தேவைப்படுகிறது. 8×56, 6×42 என்ற பழைய ஐரோப்பிய அளவுகள் இதனால்தான் நிலைத்தன. இரண்டிலும் எக்ஸிட் பியூபில் சரியாக 7 மி.மீ. வருகிறது. பவரையும் லென்ஸ் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கும் அந்திக் கணக்கு ஒன்று உண்டு. அதன்படி 6×42-க்கு 15.9, 8×56-க்கு 21.2. ஒப்பிட்டுப் பார்க்க உதவும், ஆனால் கண்ணாடியின் தரத்தை அந்த எண் சொல்லவே சொல்லாது.

தரம் என்று நான் சொல்வது முக்கியமாக லென்ஸின் மேல் உள்ள பூச்சைத்தான். பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஸ்கோப்புக்குள் பல லென்ஸ்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பரப்பு. கூட்டிப் பார்த்தால் இழப்பு பெரியது, அந்தச் சிதறல் படத்தையும் வெளுக்கச் செய்யும். 1935-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டுபிடித்த எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு இதற்கான விடைதான். இன்று எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு உள்ள நல்ல ஸ்கோப் 90 சதவீதத்துக்கு மேல் ஒளியைக் கடத்தும். எனவே பூச்சு சுமாரான 56-ஐவிட நல்ல பூச்சுள்ள 42-ஐ எடுங்கள் என்றே சொல்வேன். 30 மி.மீ. குழல் அதிக வெளிச்சம் தரும் என்பதை நம்பவேண்டாம். அதனால் கிடைப்பது பெரும்பாலும் உறுதியும், குறியைத் திருத்தும் வீச்சும்தான்.

அடுத்தது குறிக்கோடு, அதாவது குறிபார்க்க ஸ்கோப்புக்குள் தெரியும் கோடு. படம் பளிச்சென்று இருந்தும் மெல்லிய கோடு கறுத்த உடம்பின் மேல் காணாமல் போய்விட்டால் என்ன பயன்? மூன்று பக்கம் தடித்த பட்டையும் நடுவில் மெல்லிய சிலுவையும் உள்ள ஜெர்மன் 4-ஆம் எண் கோடு கருக்கலுக்கென்றே அமைந்ததுபோல இருக்கும். நடுவில் ஒளிப்புள்ளி இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அதை எவ்வளவு குறைக்க முடிகிறது என்பதைப் பாருங்கள். மிகக் குறைந்த நிலையிலும் கண்ணைக் கூசவைக்கும் புள்ளி, இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கெடுத்துவிடும். கண் முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். கைபேசியை ஒரு தடவை எடுத்தால் போதும், அத்தனையும் வீண்.

சரி, கண் வைக்கும் இடம். இதில் ஸ்கோப்புக்கு உள்ள பங்கைவிட அதைப் பொருத்தும் முறைக்குப் பங்கு அதிகம்.

முழுப் படமும் தெரிய கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையே இருக்கவேண்டிய தூரம்தான் ஐ ரிலீஃப். ரைஃபிள் ஸ்கோப்பில் வழக்கமாக 80 முதல் 100 மி.மீ. வரை வரும். உதை பலமான துப்பாக்கி என்றால் 90-க்குக் குறைந்ததை நான் எடுக்கமாட்டேன். ஒரு தடவை மேட்டுச் சரிவில் படுத்து மேல்நோக்கிச் சுட்டபோது ஸ்கோப் வளையம் புருவத்தைக் கிழித்துவிட்டது. நின்று பார்த்து அளவெடுத்துப் பொருத்தியிருந்தேன், படுத்ததும் தலை இரண்டு விரற்கடை முன்னால் போய்விட்டது. இப்போது நின்றும் உட்கார்ந்தும் படுத்தும் பார்த்த பிறகுதான் திருகுகளை முறுக்குகிறேன்.

பொருத்தும்போது செய்யவேண்டியது இது. திருகுகளைத் தளர்வாக விட்டு, பவரை உச்சத்தில் வையுங்கள், கண் தவற இடமே இல்லாத நிலை அதுதான். வேட்டைக்குப் போடும் கனமான சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணை மூடி, காலித் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் இயல்பாகச் சாய்த்து, அப்புறம் கண்ணைத் திறங்கள். சுற்றிலும் கறுப்பு வளையம் தெரிந்தால் ஸ்கோப் முன்பின் நகரவேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிறை என்றால் தலை நடுவில் இல்லை. பிறை மேலோ கீழோ வந்தால் கன்னம் படும் மேட்டின் உயரம் சரியில்லை.

56 மி.மீ. வாங்குகிறவர்கள் சறுக்குவது இந்தக் கடைசி இடத்தில்தான். லென்ஸ் பெரிதானால் ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்துவைக்கும் ரிங்கும் உயரமாக வேண்டும், ஸ்கோப் மேலே ஏறும், கன்னம் கட்டையில் பதியாமல் தாடை மட்டும் முட்டும். இருட்டில் கண் வைக்கும் இடத்தைத் தேடிக்கொண்டே இருப்பீர்கள். கட்டையின் மேல் கட்டிக்கொள்ளும் கன்னத் திண்டு ஒன்று போட்டால் தீர்ந்துவிடும். பலர் ஸ்கோப்பைக் குறை சொல்லி மாற்றிய பிறகும் தொல்லை தீராததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

குறிக்கோட்டைக் கூர்மையாக்கும் கண்பக்க வளையத்தையும் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். வெற்று வானத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று ஸ்கோப்புக்குள் பார்த்தால் கோடு அந்தக் கணமே கூர்மையாகத் தெரியவேண்டும். வெகுநேரம் பார்த்தால் கண் தானே ஈடுகட்டிவிடும், தவறு தெரியாது.

எனவே, இந்த வாரமே உங்கள் 40-ஐ 6-இல் வைத்து, கன்னத்தைச் சரிசெய்து, இரண்டு மூன்று அந்திகள் சுடாமல் பார்த்துக்கொண்டு மட்டும் உட்காருங்கள். விலங்கைத் தேடுவதற்குத் தனியாகத் தொலைநோக்கி வைத்துக்கொள்ளுங்கள், துப்பாக்கியைத் திருப்பித் தேடவேண்டாம். எத்தனை மணிவரை உடம்பின் கோடும் அதன் பின்னால் இருப்பதும் தெளிவாகத் தெரிகிறது என்று குறித்துவையுங்கள். உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கும் கடைசி நிமிடம்வரை தெரிந்தால் புது ஸ்கோப் தேவையே இல்லை. அதற்கு முன்பே மங்கிவிட்டால், பவர் மாறாத 8×56, 4-ஆம் எண் கோடு, நன்றாகக் குறைக்க முடிகிற ஒளிப்புள்ளி. லென்ஸ்கள் குறைவு, கண் உட்கார இடம் தாராளம். நான் பரணுக்கு எடுத்துப்போவது அதைத்தான்.