முதல் சுற்றில் வெளுத்து வாங்கியும் ஏன் தோல்வி?

கேள்வி: என் மகள் குத்துச்சண்டைப் போட்டியின் முதல் சுற்றில் எதிராளியை மூலையில் வைத்து வெளுத்து வாங்கினாள். ஆனாலும் 3–2 என்று மற்றப் பிள்ளைக்கு வெற்றி கொடுத்துவிட்டார்கள். எதைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள்? – ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: அம்மா, 3–2 என்பது புள்ளி அல்ல. வளையத்தின் வெவ்வேறு பக்கங்களில் இருக்கும் ஐந்து நடுவர்களில் மூவர் மற்றப் பிள்ளையை வெற்றியாளராகத் தெரிவுசெய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனியே புள்ளி போடுவார்கள். சுற்றை வென்றவருக்கு 10. மற்றவருக்கு, நெருக்கமான சுற்றென்றால் 9, தெளிவாகப் பின்தங்கினால் 8, ஒன்றுமே செய்ய முடியாமல் போனால் 7. உங்கள் மகள் முதல் சுற்றை 10–9 என வென்று, அடுத்த இரண்டையும் மயிரிழையில் 9–10 என விட்டிருந்தால் மொத்தம் 28–29. அதே முதல் சுற்று 10–8 ஆகியிருந்தால் 28–28. அப்போது அந்த நடுவர் ஒருவரை வெற்றியாளராகத் தெரிவுசெய்தே ஆகவேண்டும், சமநிலை கிடையாது.

மூலையில் அவ்வளவு அடித்தும் ஏன் 8 விழவில்லை? பெரும்பாலும் அடிகள் எதிராளியின் கையில் விழுந்திருக்கும். மூடிய கையுறையின் முட்டிப் பகுதி, தலையின் முன்புறத்திலோ பக்கங்களிலோ, இடுப்புப் பட்டிக்கு மேலே உடலின் முன்புறத்திலோ பக்கங்களிலோ தடையின்றிப் பட்டால்தான் கணக்கு. முழங்கையில் விழும் அடி படாரென்று கேட்கும், சனம் ஆரவாரிக்கும், தாளில் ஒன்றும் ஏறாது. சுத்தமான அடிகளுக்கு அடுத்தபடியாக நுட்பத்தாலும் தந்திரத்தாலும் யார் சண்டையை நடத்தினார் என்பதையும், யார் விடாமல் போராடினார் என்பதையும் பார்ப்பார்கள்.

வளையத்துக்குள் நிற்கும் மத்தியஸ்தர் முறையான எச்சரிக்கை கொடுத்தாரா என்றும் கேளுங்கள். ஒரு எச்சரிக்கைக்கு ஐந்து நடுவர்களின் கணக்கிலும் ஒரு புள்ளி குறையும். கட்டிப்பிடிப்பது, தலையைத் தாழ்த்திக்கொண்டு பாய்வது, திறந்த கையால் அறைவது ஆகியவை வழக்கமான காரணங்கள்.

தவறான தீர்ப்பே வராது என்று சொல்லமாட்டேன். 1988 சோல் ஒலிம்பிக்கின் இறுதிச் சண்டையில் அமெரிக்க வீரர் ரோய் ஜோன்ஸ் 86 அடிகள் போட்டார், வாங்கியது 32. அவரும் 3–2 என்றுதான் தோற்றார்.

போட்டியைப் போனில் எடுத்திருந்தால், சத்தத்தை நிறுத்திவிட்டு வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். சுற்றுக்கு ஒரு தாள் வைத்து, சுத்தமாகப் பட்ட அடிக்கு மட்டும் கோடு போடுங்கள். ஒரு பக்கத்திலிருந்து எடுத்த வீடியோ ஒரு நடுவரின் பார்வையைத்தான் காட்டும். முதுகு மறைக்கும் அடிகளை விட்டுவிடுங்கள்.

பயிற்சியில் திருத்தவேண்டியது மூலைச் சண்டையைத்தான். எதிராளி முகத்தை மூடினால் நேரே குத்திக்கொண்டே நிற்காமல், அரை அடி பக்கவாட்டில் விலகி, முழங்கைக்குக் கீழே தெரியும் விலாவில் ஒன்று போடவேண்டும். வலியில் கை இறங்கும்போது தலைக்கு அடுத்தது.