பழைய ஜீப் தேடுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் விசை போகும் பழைய ஃபோர் வீல் வண்டிகளைத் தேடி வாங்குவது, பழுது பார்ப்பது, பராமரிப்பது பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

கேள்வி: சார், முதல்முறையாக ஒரு பழைய ஜீப் பார்க்கப் போகிறேன். போனதும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பெயின்டை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுங்கள். கையில் சின்னச் சுத்தியல் இருக்கட்டும். வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸியை முன்பக்கத்திலிருந்து ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே பின்னால் வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். துரு தின்ற இடத்தில் சத்தம் அமுங்கி, சுத்தியல் எகிறாமல் அங்கேயே நிற்கும். ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்கள், கடைசியில் குறுக்கே போகும் சட்டம், சேறு தங்கும் மூலைகள் இவற்றில் இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டுங்கள். அடியில் புதிதாகத் தார் பூசியிருந்தால் சந்தேகப்படுவதே நல்லது.

நான் வாங்கிய முதல் வண்டி பளபளவென்று இருந்தது. விற்றவர் சொன்னதை நம்பி அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மூன்று மாதம் கழித்துப் பின்சட்டத்தைக் கழுவும்போது கட்டைவிரல் உள்ளே போய்விட்டது. ஓட்டைக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, மேலே பட்டி போட்டு, அதன்மேல் பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்தச் சட்டத்தை வெட்டி மாற்ற ஆன செலவை இன்றும் மறக்கவில்லை.

கேள்வி: அண்ணா, இரண்டாம் உலகப் போர்க் கால ஜீப்பில் வில்லீஸ் எது, ஃபோர்டு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, தம்பி. 1940-ல் அமெரிக்க ராணுவம் மாதிரி வண்டியை 49 நாளில் கேட்டது. பேன்டம் என்ற சிறிய கம்பெனி அதைச் செய்து கொடுத்தது. ஆனால் பெரிய ஆர்டர் வில்லீஸுக்கும் ஃபோர்டுக்கும் போனது. 1945 வரை இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் தயாரித்தன. ஒன்றின் பாகம் மற்றதில் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் நிபந்தனை. அதனால்தான் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன.

ரேடியேட்டருக்குக் கீழே சேஸியின் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லீஸ். கவிழ்த்து வைத்த ‘ப’ மாதிரி இருந்தால் ஃபோர்டு. அப்புறம் போல்ட் தலைகள். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் நாற்பது வருட கிரீஸைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், ஃபோர்டு போல்ட்டில் ‘எஃப்’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அது துணிக்கு அடியிலிருந்து மெல்லத் தெரிய வரும்போது கிடைக்கும் சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே ஒரு வண்டியைக் கழுவலாம்.

ரேடியேட்டருக்கு முன்னால் தெரியும் கிரில்லும் ஒரு அடையாளம். வில்லீஸின் முதல் 25,000 சொச்சம் வண்டிகளில் இரும்புப் பட்டைகளை வெல்டிங் செய்த கிரில். பிறகு ஃபோர்டு பாணியில் ஒரே தகட்டில் அழுத்தி எடுத்த ஒன்பது துளை கிரில் இரண்டுக்கும் வந்தது. ஏழு துளை என்றால் போருக்குப் பிறகு வந்த சிவிலியன் ஜீப்பின் கிரில்.

ஒன்று சொல்லியாக வேண்டும். வில்லீஸ் சேஸியில் ஃபோர்டு பாகங்கள் இருந்தால் அது மோசடி இல்லை. ராணுவப் பணிமனைகளே கையில் கிடைத்ததை மாட்டித்தான் ஓட்டின. கலந்த வண்டியை மனதார வாங்கலாம். கலக்காத வண்டி என்று சொல்லி அதிக விலை கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: லேண்ட் ரோவர் பாடி அலுமினியம்தானே, துருப் பயமே இல்லை என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. 1948-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளிவந்த காலத்தில் பிரிட்டனில் இரும்புத் தகட்டுக்குப் பெரிய தட்டுப்பாடு. அதனால் பர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவையில் பாடி செய்தார்கள். சேஸியும், இன்ஜினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவே இருக்கும் தடுப்பும் இரும்புதான். வண்டி சாவது அந்த இரண்டு இடங்களில்தான். ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் பாயைத் தூக்கி மூலைகளை அழுத்திப் பாருங்கள். கதவுக் கீல் மாட்டிய தூண்களையும் விடாதீர்கள். அலுமினியமும் இரும்பும் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியமே வெள்ளைப் பொடியாக உதிரும். கையில் மாவு மாதிரி ஒட்டினால் அதுதான்.

கேள்வி: இடம் குறைவு. சின்னதாக ஏதாவது உண்டா?

சுசுகியின் 1970 ஜிம்னி. 359 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின். மூன்று மீட்டர் நீளத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக ஸ்டெப்னியை உள்ளேயே வைத்தார்கள். அதனால் மூன்று பேர்தான் உட்கார முடியும். அவ்வளவு சின்ன வண்டி மேட்டில் ஏறுவதைப் பார்த்தால் உங்களுக்கே ஆசை வந்துவிடும்.

கேள்வி: ஓட்டிப் பார்க்கும்போது தார் ரோட்டிலேயே ஃபோர் வீல் போட்டுச் சோதிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தூரம் சுற்றும். இந்தப் பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் அந்த வித்தியாசத்தைச் சமாளிக்க நடுவில் டிஃபரென்ஷியல் கிடையாது. மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் வழுக்காது, சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் ஷாஃப்ட்கள் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஸ்டியரிங் கல்லாகிவிடும், ஃபோர் வீல் லீவர் திரும்ப வராது. அப்படி மாட்டிக்கொண்டால் கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்கள், பெரும்பாலும் விட்டுவிடும்.

சோதனையை இளகிய மண்ணில் செய்யுங்கள். வேகம் குறைந்து இழுவை கூடும் லோ ரேஞ்ச் கியரைப் போட்டு ஒரு சரிவில் இறங்குங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் தானாக வெளியே குதித்தால் உள்ளே தேய்மானம் இருக்கிறது.

கேள்வி: ஐயா, தாத்தா ஓட்டிய 1960-களின் வண்டி வீட்டில் நிற்கிறது. முழுதாகப் பிரித்துப் புதிதாக்கவா, அப்படியே வைக்கவா?

பிரேக் குழாய்கள், பெட்ரோல் ஹோஸ்கள், வெடித்துப்போன வயர்கள், டயர் இவற்றை யோசிக்காமல் மாற்றுங்கள். இதில் பழமைக்கு இடமே இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது. துருவைச் சுரண்டி நிறுத்துங்கள்.

மற்றதைத் தொடுவதற்கு முன் ஒரு மாதம் பொறுங்கள். கிளட்ச் பெடலில் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருக்கும், தாத்தா கால் வைத்த இடம் அது. கதவு விளிம்பில் அவர் முழங்கை ஊன்றிய இடத்தில் பெயின்ட் போய்த் தகடு வழவழப்பாக இருக்கும். புது பெயின்ட் எந்தக் கடையிலும் கிடைக்கும், இது கிடைக்காது. சேஸி சரியாக இருக்கிறது என்றால், என் ஓட்டு அப்படியே வைப்பதற்குத்தான். எடுத்த பாகம் எதையும் தூக்கிப் போடாதீர்கள், சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள்.

கேள்வி: நல்ல வண்டிகள் எங்கேதான் ஒளிந்திருக்கின்றன?

விளம்பரத்துக்கு வருவதற்கு முன்னால் அவை பண்ணைகளிலும் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் நிற்கின்றன. தீயணைப்புக்கு இருந்தவை கிடைத்தால் இன்னும் நல்லது. வருடத்துக்குச் சில நூறு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும், நிழலில் நின்றிருக்கும். வயதான மெக்கானிக்குகளிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள், யார் வீட்டுக் கொட்டகையில் எது நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். உரிமையாளரிடம் எடுத்த எடுப்பில் விலை கேட்காதீர்கள். வண்டி எப்படி வந்தது, யார் ஓட்டினார்கள் என்று கேளுங்கள். பலர் விற்காமல் வைத்திருப்பதே, இதைக் கேட்க ஆள் வரவில்லை என்பதால்தான். அப்புறம் சேஸி எண்ணும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என் வில்லீஸின் விளக்கு மங்கலாக எரிகிறது. 6 வோல்ட்டை 12 ஆக மாற்றிவிடவா?

அவசரப்படாதீர்கள். 6 வோல்ட்டில் கரண்ட் இரட்டிப்பாக ஓட வேண்டும், அதனால் வயர் தடிமனாக இருக்க வேண்டும். யாரோ இடையில் மெல்லிய வயர் போட்டிருப்பார்கள். தடித்த பேட்டரி கேபிள் போடுங்கள், எர்த் மாட்டும் எல்லா இடத்திலும் பெயின்டைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். பிறகு இரவில் ஒருமுறை எரித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.